குகையின் மேல் வாழும் மக்களைக் கேளுங்கள்!

சத்தீஸ்கர் ராஜ்யத்தின் தென்பகுதியில், பஸ்தார் ஜில்லாவின் தலைநகரான ஜகதல்பூருக்குப் பக்கத்தில், காங்கேர் பள்ளத்தாக்கு இருக்கிறது. சால மரமும் தேக்கும் மூங்கிலும் அடர்ந்த காடு அது. 1982இல் சர்க்கார் அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. பரப்பு சுமார் 200 சதுர கிலோ மீட்டர். அந்தக் காட்டின் தரைக்கு அடியில் சுண்ணாம்புக்கல் குகைகள் இருக்கின்றன. கோட்டும்சர், கைலாஸ், தண்டக் என்ற பெயர்கள் இன்று உல்லாசப் பிரயாணிகள் பலருக்கும் தெரிந்தவை.

2025 மார்ச் மாதத்தில் இந்தப் பூங்கா, உலகப் பாரம்பரியச் சின்னமாக்கத் தகுந்த இடங்களின் உத்தேசப் பட்டியலில் இந்தியாவின் சார்பில் சேர்க்கப்பட்டது. நல்ல செய்திதான். ஆனால் பட்டியலில் பெயர் ஏறுவது முதல் படி மட்டுமே. அடுத்து முழு மனு தயாராக வேண்டும். அந்த மனுவோடு ஒரு நிர்வாகத் திட்டமும் இருந்தாக வேண்டும். எந்தக் குகையைத் திறப்பது, எதை மூடி வைப்பது, எத்தனை பேரை உள்ளே விடுவது, எங்கே விளக்குப் போடுவது, கெட்டுப்போனதை எப்படிச் சீர்செய்வது, வரும் காசு யாருக்குப் போவது என்பதையெல்லாம் தீர்மானிக்கப் போவது அந்தத் திட்டம்தான்.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. அந்தத் திட்டத்தை எழுதும்போது, குகையின் மேல் தரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் துருவா மக்களையும் மற்ற ஆதிவாசி மக்களையும் கேட்பார்களா? எப்போது கேட்பார்கள், திட்டம் முடிவாவதற்கு முன்பா, முடிவான பின்பா? எந்த மொழியில் கேட்பார்கள்? "இது வேண்டாம்" என்று அவர்கள் சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டா?

இவை சில்லறைக் கேள்விகள் அல்ல. குகையின் கதியும் மக்களின் கதியும் இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலில்தான் அடங்கியிருக்கின்றன.

கெட்டால் திரும்பாத பொருள்

முதலில் குகை என்பது என்ன பொருள் என்று பார்ப்போம். மழைநீர் காட்டு மண்ணின் வழியே இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான புளிப்பு ஏறுகிறது. அந்த நீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் கரைத்துப் பாதை உண்டாக்குகிறது. பிறகு கூரையிலிருந்து சொட்டும் ஒவ்வொரு துளியும் இம்மியளவு சுண்ணாம்பை விட்டுச் செல்கிறது. அப்படித்தான் மேலிருந்து தொங்கும் கல்லும் கீழிருந்து வளரும் கல்லும் உண்டாகின்றன. ஒரு விரல் நீளம் வளரவே நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம். ஞாபகார்த்தமாக ஒருவர் ஒடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள ஒரு விநாடி போதும்.

கோட்டும்சர் குகைக்குள் வெளிச்சமே கிடையாது. அங்குள்ள நீரில் நம்மூர் அயிரை மாதிரி ஒரு சின்ன மீன் வாழ்கிறது. இருட்டிலேயே பரம்பரை பரம்பரையாக வாழ்ந்து, நிறம் வெளுத்து, கண் மங்கிப்போன மீன். 1950களில் இந்தக் குகைக்குள் இறங்கி ஆராய்ந்தவர் டாக்டர் சங்கர் திவாரி. அங்கு வாழும் ஒரு சுவர்க்கோழிப் பூச்சிக்கு விஞ்ஞானிகள் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். 'கெம்பியோலா சங்கரி' என்பது அந்தப் பூச்சியின் பெயர்.

மீனும் பூச்சியும் எதைத் தின்று வாழ்கின்றன? இருட்டில் செடி முளைக்காது. ஆகவே மழைக்கால வெள்ளம் உள்ளே அடித்துவரும் இலை தழையும், வௌவால் எச்சமும்தான் அவற்றின் சாப்பாடு. வாசலில் கெட்டியான கதவு போட்டால் வௌவால் போகும். உள்ளே நிரந்தரமாக விளக்குப் போட்டால் அதைச் சுற்றிப் பாசி படரும். நடைபாதைக்கு சிமென்ட் கொட்டினால் தண்ணீர் ஓடும் வழி அடைபடும். கூட்டம் கூட்டமாக ஆள் போனால் மூச்சுக் காற்றிலேயே உள்ளிருக்கும் ஈரமும் சூடும் மாறிவிடும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. பிரான்சு தேசத்தில் லாஸ்கோ என்ற குகை 1940இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆதி மனிதன் தீட்டிய மாடும் குதிரையும் அதன் சுவர்களில் பல ஆயிரம் ஆண்டுகள் சேதமில்லாமல் இருந்தன. 1948இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பதினைந்தே வருஷத்தில், 1963இல், மூட வேண்டியதாயிற்று. பார்க்க வந்தவர்களின் மூச்சும் விளக்கின் வெளிச்சமும் சுவரில் பாசியையும் சுண்ணாம்புப் படலத்தையும் கொண்டுவந்துவிட்டன. இன்று அங்கே போகிறவர்கள் பார்ப்பது நகலைத்தான்.

சாலையைத் தப்பாகப் போட்டால் பெயர்த்துவிட்டு வேறு போடலாம். குகையில் அது முடியாது. அதனால்தான் இங்கே முன்கூட்டியே கேட்பது அவசியமாகிறது. தப்பு நடந்தபின் நடத்தும் விசாரணைக் கமிஷனால் ஒடிந்த கல் ஒட்டப் போவதில்லை.

நிபுணர்கள் போதாதா?

"இது விஞ்ஞான விஷயம். மண்ணியல் நிபுணரும் வன இலாகா அதிகாரியும் தீர்மானிக்கட்டும். படிக்காத ஆதிவாசியிடம் கேட்க என்ன இருக்கிறது?" என்று சிலர் சொல்லக்கூடும்.

விஞ்ஞானிகள் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் இல்லாமல் முடியாது. ஆனால் விஞ்ஞானி வருஷத்தில் சில நாள் வருகிறார். கிராமத்து மக்கள் வருஷம் முழுவதும் அங்கேயே இருக்கிறார்கள். எந்த ஓடை எங்கே மண்ணுக்குள் மறைகிறது, எந்த ஊற்றில் மறுபடியும் வெளிவருகிறது, எந்த வருஷம் வெள்ளம் குகைவாய் வரை ஏறியது, வௌவால் கூட்டம் எந்தப் பொந்திலிருந்து எந்த மாதம் கிளம்பும் என்பது ஆடு மாடு மேய்ப்பவனுக்கும் தண்ணீர் சுமக்கும் பெண்ணுக்கும் தெரியும். விஞ்ஞானி குறிப்பெடுக்க வரும்போது முன்னால் விளக்குப் பிடித்து நடப்பவரே அந்த ஊர்க்காரர்தான்.

குகையைக் கெடுப்பதும் பெரும்பாலும் குகைக்குள் நடக்கும் காரியம் அல்ல, மேலே தரையில் நடக்கும் காரியம். இதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு உதாரணம். கெண்டக்கி ராஜ்யத்தில் மாமத் குகை தேசியப் பூங்காவுக்கு அருகே ஹார்ஸ் கேவ் என்று ஒரு சிற்றூர். ஊருக்கு நடுவிலேயே, தரைக்கு அடியில், ஆறு ஓடும் ஒரு குகை. அதைக் காட்டிக் காசு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே சமயத்தில் ஊர்ச் சாக்கடையும் பால் பண்ணைக் கழிவும் நிலத்துக்குள் இறங்கி அதே குகையில் சேர்ந்தன. நாற்றம் தாங்காமல் 1943இல் குகையை மூடினார்கள். குகைக்குள் எத்தனை பேர் துடைப்பம் பிடித்திருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. 1989இல் சுற்று வட்டாரத்துக்கெல்லாம் சேர்த்துக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஏற்பாடு வந்த பிறகே ஆறு தெளிந்தது. கண்ணில்லாத மீன்கள் திரும்பி வந்தன. 1993இல் குகை மறுபடி திறக்கப்பட்டது.

கெட்ட குகையையும் ஓரளவு மீட்கலாம். ஆனால் அதற்கு மேலே வாழும் மக்கள் சேர்ந்து வர வேண்டும். கோட்டும்சர் குகைக்கு மேலே இருக்கும் காடு யாருடைய கையில் பத்திரமாக இருக்கும், யாருடைய ஒத்துழைப்பால் ஓடைகள் சுத்தமாக இருக்கும் என்று யோசித்துப் பார்த்தால், கிராம மக்களைக் கேட்பது அவர்களுக்குக் காட்டும் தயவு அல்ல, குகைக்கே தேவையான காரியம் என்பது விளங்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. குகைக்குள் லிங்க வடிவில் வளர்ந்த கல்லை மக்கள் கும்பிடுகிறார்கள். சூடமும் ஊதுவத்தியும் ஏற்றினால் புகை கல்லில் கரியாகப் படியும். காற்றோட்டம் குறைந்த இடத்தில் அது போகாது. இதைப் போலீஸ் வைத்துத் தடுத்தால் சண்டைதான் மிஞ்சும். ஊர்ப் பெரியவர்களும் பூசாரியும் இளைஞர்களும் உட்கார்ந்து பேசி, "விளக்கை வாசலில் ஏற்றுவோம்" என்று தாங்களே முடிவு செய்தால் அது நிற்கும். மக்களைக் கலந்து செய்யும் நிர்வாகத்துக்கும் தடியடி நிர்வாகத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

1910இல் சொன்ன பதில்

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் காங்கேர் காட்டிலேயே சரித்திரம் இருக்கிறது.

1905இல் வெள்ளைக்காரன் ஆட்சி பஸ்தார் காடுகளில் மூன்றில் இரண்டு பங்கை ரிசர்வ் காடாக்கத் திட்டம் போட்டது. மாற்றுப் பயிர்ச் சாகுபடி கூடாது, வேட்டை கூடாது, காட்டில் விளைந்ததை எடுக்கக் கூடாது என்று தடை. காட்டையே நம்பி வாழ்ந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரிசர்வ் வேலை முதலில் தொடங்கிய இடங்களில் ஒன்று இந்தக் காங்கேர் காடு. எதிர்ப்பு கிளம்பியதும் இங்கேதான்.

மாங்கொம்பு, மண்கட்டி, மிளகாய், அம்பு ஆகியவை கிராமம் கிராமமாகக் கைமாறிச் சென்றன. எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் சர்க்காருக்குக் கொடுத்த மகஜர் அது. 1910 பிப்ரவரியில் பஸ்தார் பொங்கியெழுந்தது. பூம்கால் என்று மக்கள் இன்றும் நினைவுகூரும் அந்த எழுச்சியின் தலைவர் நேதானார் கிராமத்துத் துருவா வீரர் குண்டாதூர். துப்பாக்கியும் சவுக்கும் கொண்டு எழுச்சியை அடக்கினார்கள். குண்டாதூரை மட்டும் கடைசிவரை பிடிக்க முடியவில்லை. ரிசர்வ் வேலை சில காலம் நின்றது. ரிசர்வ் செய்யப்படவிருந்த பரப்பும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

அன்று அந்நியன் ஆட்சி. இன்று நம் ஆட்சி. இருந்தும் 1982இல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தபோது, காட்டில் கால் வைக்கும் உரிமையே கேள்விக்குரியதாயிற்று. தேசியப் பூங்கா என்றால் மேய்ச்சல் கூடாது, விளைபொருள் எடுக்கக் கூடாது என்பது 1972 வனவிலங்குச் சட்டத்தின் ஏற்பாடு. பரம்பரையாகக் காட்டைக் காத்தவன் ஒரே நாளில் அத்துமீறி நுழைந்தவனாக மாறினான்.

இந்த அநியாயத்தைச் சரிசெய்ய நாடு முழுவதும் நடந்த நீண்ட போராட்டத்தின் பலனே 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். தேசியப் பூங்காவும் அதில் அடக்கம். தங்கள் சமுதாய வனத்தைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை உண்டு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. 2022இல் காங்கேர் பூங்காவுக்குள் இருக்கும் குடியாபதர் கிராமத்துக்குச் சமுதாய வன வள உரிமை அங்கீகரிக்கப்பட்டது. ஒரு தேசியப் பூங்காவுக்குள் அப்படிப்பட்ட உரிமை அங்கீகாரம் பெறுவது அபூர்வம். மக்கள் பெற்ற வெற்றி அது.

ஆகவே சட்டத்தில் வழி இருக்கிறது. பஸ்தார், அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப் பிரதேசம். 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் அங்கே கிராம சபைக்குத் தனி அந்தஸ்து தருகிறது. இல்லாததெல்லாம் அமல்தான்.

கேட்பது போல் நடிப்பது

"நாங்கள்தான் கருத்துக் கேட்கிறோமே!" என்று அதிகாரிகள் சொல்வார்கள். அந்தக் கேட்பின் லட்சணம் நமக்குத் தெரியாததல்ல. ஊருக்கு வெகு தூரத்தில் ஒரு மண்டபம். வாசலில் போலீஸ் வேன். மேடையில் கலெக்டரும் அதிகாரிகளும். பல நூறு பக்கம் இங்கிலீஷ் அறிக்கை. அதைப் பார்க்க வேண்டுமானால் ஜில்லா ஆபீசுக்குப் போக வேண்டும். மைக் முதலில் காண்டிராக்டரின் ஆட்களுக்கு. விவசாயி பேச எழுந்தால் "இரண்டே நிமிஷம்". கடைசியில், "பொதுமக்கள் கருத்துக் கேட்கப்பட்டது" என்று பைலில் ஒரு வரி. இது கண்துடைப்பு.

மொழி விஷயம் மிக முக்கியம். 2020இல் மத்திய சர்க்கார் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டுக்கான புதிய வரைவை வெளியிட்டது. வெளியானது இங்கிலீஷிலும் இந்தியிலும். தமிழனும் வங்காளியும் மராட்டியனும் எப்படிக் கருத்துச் சொல்வது? டில்லி ஹைகோர்ட் தலையிட்டு, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கும்படி உத்தரவிட வேண்டியிருந்தது.

ஆனால் அந்த 22 மொழிகளில் துருவா மக்களின் பர்ஜி மொழி இல்லை. கோண்டியும் இல்லை. பஸ்தார் சந்தைகளில் எல்லோரும் பேசும் ஹல்பியும் இல்லை. பர்ஜி, திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழுக்குத் தூரத்துச் சொந்தம். தாய்மொழியில் நிர்வாகம் நடக்க வேண்டும் என்று எத்தனையோ வருஷங்களாகக் குரல் கொடுத்துவரும் தமிழ் மக்களுக்கு இந்தக் குறையின் வலி புரியும். காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தால் மட்டும் போதாது. ஊர் நடுவில் மரத்தடியில் உட்கார்ந்து, அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டி, கேள்வி கேட்க விட்டு, பதில் சொல்ல வேண்டும்.

காலமும் முக்கியம். மார்ச், ஏப்ரலில் மக்கள் விடியற்காலையில் இலுப்பைப் பூ பொறுக்கப் போய்விடுவார்கள். அதையொட்டி பீடி இலைக் காலம். மழை விழுந்தால் விதைப்பு. அந்த நாட்களில் கூட்டம் போட்டு, "மக்கள் வரவில்லை, ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக்கொள்வது மோசடி.

எல்லாவற்றுக்கும் மேலாக, யாருடைய கருத்துக்கு என்ன எடை என்பது. வருஷத்தில் ஒரு நாள் வந்து போகும் உல்லாசப் பிரயாணி, "உள்ளே இன்னும் நல்ல லைட் போடுங்கள்" என்கிறார். ஓட்டல் முதலாளி, "வாசல் வரை ரோடு போடுங்கள்" என்கிறார். கிராமத்துப் பெண், "ஓடையை மறிக்காதீர்கள்" என்கிறாள். மூன்றையும் மூன்று கருத்து என்று எண்ணிக் கூட்டல் கழித்தல் போட முடியுமா? முதலாவது ஆசை, இரண்டாவது லாபம், மூன்றாவது ஜீவாதாரம். கிராம சபையின் சொல், பெட்டியில் போடும் பல சீட்டுகளில் ஒன்றல்ல. அது சட்டம் தந்த உரிமை.

மக்கள் சொன்னது நின்ற இடங்கள்

மக்களைக் கேட்டால் காரியமே நடக்காது என்று பயப்படுகிறவர்களுக்கு இரண்டு உதாரணங்களைச் சொல்வோம்.

ஒரிஸ்ஸாவில் நியம்கிரி மலை. பாக்சைட் தோண்டத் திட்டம். டோங்கிரியா கோண்டு மக்களுக்கு அந்த மலையே தெய்வம். 2013 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட், கிராம சபைகளைக் கேட்கும்படி தீர்ப்பளித்தது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் "வேண்டாம்" என்றன. நீதிபதியின் முன்னிலையில், அவரவர் மொழியில், ஆணும் பெண்ணும் எழுந்து நின்று சொன்னார்கள். மலை நின்றது.

அடுத்தது வியட்நாம். 2025 வரை குவாங் பின் பிரதேசமாக இருந்த பகுதியில் ஃபோங் ஞா தேசியப் பூங்கா. அமெரிக்க விமானங்கள் இடைவிடாமல் குண்டு போட்ட யுத்த காலத்தில் அந்த மக்களுக்குக் குகைகள்தான் அடைக்கலம். 1972இல் குண்டு வீச்சில் பாறை சரிந்து வாய் அடைபட்ட ஒரு குகைக்குள் எட்டு இளம் தொண்டர்கள் சிக்கி உயிர்விட்டார்கள். அதே மலைகளில், உலகிலேயே மிகப் பெரியது என்று கருதப்படும் சோன் டூங் குகையை முதலில் கண்டவர் ஹோ கான் என்ற உள்ளூர்க்காரர். 2009இல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்களை அங்கே அழைத்துச் சென்றவரும் அவரே.

2014இல் அந்தக் குகைக்கு ஒரு பெரிய கம்பெனி மூலம் ரோப் கார் போடும் திட்டத்தைப் பிரதேச நிர்வாகம் அறிவித்தது. சுமார் பத்து கிலோ மீட்டர் நீளம். மணிக்கு ஆயிரம் பேரை ஏற்றிச் செல்லலாம் என்ற கணக்கு. வியட்நாம் இளைஞர்கள் கையெழுத்து இயக்கம் தொடங்கினார்கள். பல்லாயிரக்கணக்கானவர்கள் கையெழுத்திட்டார்கள். உலகப் பாரம்பரியக் குழுவும் எச்சரித்தது. குகைக்கு ரோப் கார் வரவில்லை. இன்று வருஷத்துக்குச் சுமார் ஆயிரம் பேர் மட்டுமே, நடந்தே, உள்ளே போகிறார்கள். சுமை தூக்கியும் வழி காட்டியும் பிழைக்கும் உள்ளூர்க்காரர்களில் முன்பு காட்டில் மரம் வெட்டியவர்களும் வேட்டையாடியவர்களும் உண்டு.

நாம் மதிக்கும் ஒரு நாடு, நாம் மதிக்கும் ஒரு ஆட்சி. அங்கேயும் நிர்வாகம் தப்புக் கணக்குப் போட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மக்கள் தட்டிக் கேட்டார்கள், திட்டம் நின்றது என்பதையும் மறக்க வேண்டியதில்லை. எந்த ஆட்சியானாலும் கேட்டுச் செய்தால் தப்புக் குறையும்.

மாறாக, பட்டியல் மோகத்தில் மக்களை மறந்த உதாரணமும் இருக்கிறது. தாய்லாந்தின் கேங் கிராச்சான் காடு 2021இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அந்தக் காட்டின் கரேன் மக்களின் உரிமைப் பிரச்னை தீரவில்லை என்று ஐ.நா. நிபுணர்களே ஆட்சேபித்தும் அது நடந்தது. பூர்வகுடி மக்களின் சுதந்திரமான, முன்கூட்டிய, விவரமறிந்த சம்மதம் பெற வேண்டும் என்று உலகப் பாரம்பரியக் குழுவின் சொந்த விதிமுறைகளிலேயே இருக்கிறது. விதி ஏட்டில் இருந்தால் போதாது, கேட்டு வாங்க ஆள் வேண்டும் என்பதுதான் இதிலிருந்து நாம் கற்கும் பாடம். காங்கேர் பள்ளத்தாக்கு இயற்கைச் சின்னம் என்ற பிரிவில் பட்டியலில் ஏறியிருக்கிறது. இயற்கை என்று எழுதும் பேனாவுக்கு மனிதன் கண்ணில் படாமல் போவது சுலபம்.

வேலையும் வருமானமும்

குகைகளை அடைத்துப் பூட்டு என்று நாம் சொல்லவில்லை. பிரயாணிகள் வருவதால் அங்குள்ள வாலிபர்களுக்கு வழிகாட்டி வேலை கிடைக்கிறது. அது தேவை. பூங்காவை ஒட்டிய துட்மாராஸ் கிராமத்தைப் பாருங்கள். துருவா இளைஞர்கள் மூங்கில் தெப்பம் ஓட்டியும், விருந்தினருக்கு வீட்டில் சமைத்துப் போட்டும் தங்கள் கிராமத்தை உலகறியச் செய்தார்கள். 2024இல் ஐ.நா. சுற்றுலா அமைப்பு தன் கிராம மேம்பாட்டுத் திட்டத்துக்கு உலகெங்குமிருந்து தேர்ந்தெடுத்த 20 கிராமங்களில் துட்மாராஸும் ஒன்று. வெளியூர் முதலாளி வந்து ஓட்டல் கட்டித்தான் பிழைப்பு வர வேண்டும் என்ற வாதம் இங்கேயே பொய்த்துவிட்டது.

ஆனால் குகைக்கு ஒரு அளவு உண்டு. டிக்கெட் வசூல் உயர வேண்டும் என்பதற்காக ஆள் எண்ணிக்கையை உயர்த்தினால், பத்து வருஷத்தில் காட்ட ஒன்றும் இருக்காது. அப்போது முதலாளி வேறு இடம் பார்த்துப் போய்விடுவான். வழிகாட்டிப் பையன் எங்கே போவான்? குகை நீடித்தால்தான் அவன் வேலை நீடிக்கும். ஆகவே அளவைத் தீர்மானிக்கும் இடத்தில் அவனும் உட்கார வேண்டும்.

நமது கோரிக்கைகள்

மத்திய, ராஜ்ய சர்க்கார்களை நாம் வற்புறுத்துவது இவை:

ஒன்று: உலகப் பாரம்பரிய மனு போவதற்கு முன், பூங்காவுக்குள்ளும் ஓரத்திலும் உள்ள தகுதியுள்ள எல்லாக் கிராமங்களுக்கும் சமுதாய வன உரிமைப் பட்டா கொடுக்கப்பட வேண்டும். முதலில் உரிமை, பிறகு பட்டியல்.

இரண்டு: குகை நிர்வாகத் திட்டத்தின் நகல் முடிவாவதற்கு முன்பே ஒவ்வொரு கிராம சபையிலும் பர்ஜி, கோண்டி, ஹல்பி மொழிகளில் வாசித்து விளக்கப்பட வேண்டும். பெண்கள் தனியாகவும் கூடிப் பேச வசதி வேண்டும். இலுப்பைப் பூ, பீடி இலை, விதைப்புக் காலங்களில் கூட்டம் போடக் கூடாது.

மூன்று: வந்த ஒவ்வொரு ஆட்சேபணைக்கும் எழுத்தில் பதில் வேண்டும். ஏற்றால் எப்படி நிறைவேற்றுவோம் என்றும், நிராகரித்தால் ஏன் என்றும் சொல்ல வேண்டும்.

நான்கு: குகைக்குள் சிமென்ட், நிரந்தர விளக்கு, கதவு, படிக்கட்டு என்று எதைப் புதிதாகச் செய்வதானாலும் விஞ்ஞானிகளின் ஆய்வும் கிராம சபையின் சம்மதமும் இரண்டும் தேவை. மழைக்காலத்தில் மூடும் வழக்கம் தளரக் கூடாது. இன்னும் திறக்காத குகைகளைத் திறக்க அவசரம் வேண்டாம்.

ஐந்து: கரியைத் துடைப்பது, குப்பையையும் பழைய கம்பிகளையும் அகற்றுவது, அடைபட்ட நீர்வழியைத் திறப்பது போன்ற சீரமைப்பு வேலைகளைக் காண்டிராக்டர் கையில் கொடுக்காமல், பயிற்சி தந்து உள்ளூர் இளைஞர்களிடமே கொடுக்க வேண்டும். வழிகாட்டிகளுக்குச் சட்டப்படியான கூலியும் இன்ஷூரன்சும் வேண்டும்.

ஆறு: டிக்கெட் வசூல் கணக்கு வருஷா வருஷம் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும்.

இவற்றில் எதுவும் நடக்க முடியாத காரியம் அல்ல. கேட்க மனம் வேண்டும், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டு மக்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். நம் ஊர் மலையிலும் கடற்கரையிலும் ஏரிக்கரையிலும் இதே கேள்விதான் நாளைக்கு எழப்போகிறது, சில இடங்களில் எழுந்தும் விட்டது. எங்கேயோ ஒரு துருவா கிராமத்தில் "கேட்டுச் செய்" என்ற உரிமை நிலைத்தால், அது நமக்கும் நிலைத்தது மாதிரி. அங்கே அது தோற்றால், இங்கேயும் அதைத் தோற்கடிப்பது சுலபம். ஆகவே வாசகர்களும் ஸ்தாபனங்களும் இந்தக் கோரிக்கைகளை ஆதரித்துத் தீர்மானங்கள் நிறைவேற்றி அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

1910இல் காங்கேர் காட்டு மக்கள் மாங்கொம்பும் மண்கட்டியும் மிளகாயும் அம்பும் அனுப்பித் தங்கள் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்க அன்று யாரும் இல்லை. இன்று கிராம சபை இருக்கிறது, சட்டம் இருக்கிறது. இனியாவது சர்க்கார் அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்கட்டும்.